கிளாசே ஆன வீடு

பாண்டிச்சேரியில் கடற்கரைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவே உள்ள தெருக்கள் எல்லாம் நூல் பிடித்ததுபோல நேராகப் போகும். எங்கள் தெருவும் அப்படித்தான், எங்கள் வீடு வரும்வரை. தெருமுனையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் வீட்டு முகப்புகள் ஒரே கோட்டில் வரிசையாக வரும். எங்கள் வீட்டின் முன்சுவர் மட்டும் கோட்டைத் தாண்டி இரண்டு முழம் தெருவுக்குள் நிற்கும். அதுவும் சற்றுக் கோணலாக, கிழக்கு மூலையைவிட மேற்கு மூலை கொஞ்சம் அதிகமாகத் துருத்திக்கொண்டு. வண்டிக்காரர்கள் அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் மாட்டை ஒதுக்குவார்கள்.

என் தாத்தா அந்த வீட்டைப் பிரான்சுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார விதவையிடமிருந்து வாங்கினார். மஞ்சள் பூசிய உயரமான சுவர், இடுப்பு உயரத்தில் தொடங்கி ஆள் உயரத்துக்கு மேலே போகும் பச்சைச் சன்னல்கள், நடுவில் ஆணியடித்த பெரிய கதவு. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் முன்கூடம். அதைத் தாண்டினால் உருண்டைத் தூண்கள் சுற்றி நிற்கும் முற்றம், ஒரு மாமரம், பின்னால் சமையற்கட்டு. மரப் படிக்கட்டு ஏறினால் மாடி. மாடியில் நான் இருந்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே என் அக்கா.

நான் சொல்லப்போகும் வருஷங்கள் இன்னும் யுத்தப் பேச்சு தொடங்காத வருஷங்கள். எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சர்க்கார் அச்சகத்தில் பிழை திருத்தும் மேசையில் இருந்தேன். கவர்னரின் உத்தரவுகள் எல்லாம் அரசாங்க ஜுர்னால் என்ற கெஜட்டில் வருவதற்கு முன் என் கண் வழியாகத்தான் போகும். ஓர் உத்தரவை நான் மூன்று தடவை படிப்பேன். முதல் தடவை எழுத்துக்காக, இரண்டாவது தடவை எண்களுக்காக, மூன்றாவது தடவை அர்த்தத்துக்காக. அர்த்தம் என் வேலை இல்லை என்று மேலே உள்ளவர்கள் சொல்வார்கள். இருந்தாலும் படிப்பேன்.

அக்காவின் கணவர் சைகோனில் வேலை பார்த்தார். அங்கேயே இறந்துபோனார். நிரந்தர உத்தியோகம் இல்லாததால் பென்ஷன் வரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கிய அன்றே அக்கா என்னிடம் சொல்லிவிட்டாள்: “தம்பி, ஒன் சம்பளத்துல ஒக்காந்து நான் சாப்பிட மாட்டேன். ஒனக்கு அக்காவா இருக்கறேன். ஒன் தலையில சுமையா இருக்க மாட்டேன்.”

அந்த மாதமே முன்கூடத்தில் நீள மேசை ஒன்றைப் போட்டாள். ஊரில் தனியாக இருந்து உத்தியோகம் பார்க்கும் ஆண்களுக்கு மத்தியானச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும். இதை எங்கள் ஊரில் பான்சியோன் என்பார்கள். மாதக் கணக்கு, வெள்ளிக்கிழமை மீன், ஞாயிற்றுக்கிழமை கோழி. அவளுக்கு வேறு எந்த வருமானமும் கிடையாது. வேறு எதையும் அவள் கேட்கவும் இல்லை.

மேசையை முற்றத்தில் போடலாமே, மாமர நிழலும் இருக்கிறதே என்று நான் ஒரு தடவை சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“புருசன் இல்லாதவ வூட்டுக்குள்ள நாலு ஆம்பளைங்க போறாங்க, வர்றாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? கூடத்துலன்னா ரெண்டு சன்னலும் தெருவைப் பாத்துத் தொறந்து கெடக்கும். போறவ வர்றவ எல்லாம் எட்டிப் பாக்கட்டும். சோறு போடறேன், மீன் போடறேன், எண்ணிப் பாத்துட்டுப் போவட்டும்.”

அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முன்கூடம் இல்லையென்றால் பான்சியோன் இல்லை, பான்சியோன் இல்லையென்றால் அக்கா என் சம்பளத்தில் சாப்பிட வேண்டும். அவளைப் பொறுத்தவரை கணக்கு அவ்வளவுதான்.

மேசைக்கு நான்கைந்து பேர் வருவார்கள். இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் கோர்ட்டு அமீனா. மனைவியை இழந்தவர், அக்காவைவிட மூத்தவர், அவளைத் தங்கச்சி என்பார். ஊரில் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டி நோட்டீஸ் கொடுத்தே பழகியவர் என்பதால் யாருக்கும் பயப்படாமல் பேசுவார். இன்னொருவர் காரைக்காலிலிருந்து வந்த இளைஞர், மராமத்து இலாகாவில் வரைபடம் போடுபவர். எதற்கும் ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுவார், நிறையச் சாப்பிடுவார்.

எங்கள் தெருவை நேராக்கும் திட்டத்தைப் பற்றி முதலில் சொன்னவர் அவர்தான். ஊரின் வரைபடத்தில் தெருவுக்குத் தெரு சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் தெருக் கோட்டுக்கு மை பூசியது அவர் கையேதான்.

“நம்ம கூடத்துக்குள்ளதாங்க போவுது,” என்றார் மேசையில் விரலால் இழுத்துக் காட்டி. “இந்தச் சன்னல் ஓரத்துப் பெஞ்சி இருக்குல்லங்க, அதுக்கு இந்தப் பக்கம்.”

அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர் அமீனா. அவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப இத்தினி வருசமா நான் நடுத்தெருவுல ஒக்காந்தா சாப்பிட்டுக்கினு இருக்கறேன்? தங்கச்சி, என்னை நடுத்தெருவுல வுட்டுட்டியே.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “வூட்டை இடிப்பாங்களா?” என்று கேட்டாள்.

இடிக்க மாட்டார்கள் என்றார் காரைக்கால்காரர். கோட்டில் விழுந்த வீட்டை சர்க்கார் தொடாது. ஆனால் வீட்டுக்காரரும் தொடக் கூடாது. முன்சுவருக்கு வெள்ளையடிக்கலாம், சன்னலுக்குச் சாயம் பூசலாம். சுவரைப் பலப்படுத்த ஒரு கரண்டி சாந்து வைக்கக் கூடாது. சுவர் தானாக விழும்வரை காத்திருப்பார்கள். விழுந்த பிறகு கட்டினால் கோட்டுக்கு உள்ளே தள்ளித்தான் கட்ட வேண்டும். சில நாளில் அந்த நோட்டீசும் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் அமீனா. வாசலில் நின்று கோர்ட்டுக் குரலில் முழுதும் படித்து, அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார். அக்கா அவருக்கு அன்று ரசம் ஊற்றவில்லை.

அந்த வருஷத்து மழையில் முன்சுவர் பிளந்தது. சன்னலின் அடிக்கட்டையில் தொடங்கி மாடி உத்தரம்வரை ஒரு விரிசல். சுண்டுவிரலை உள்ளே விட்டால் போகும். மாடியின் மர உத்தரங்கள் எல்லாம் அந்தச் சுவரில்தான் தலை வைத்திருந்தன. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். சுவரைப் பாதிக்குமேல் பிரித்து, முட்டுக் கொடுத்து, செங்கல் மாற்றிக் கட்டினால் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த மழையைத் தாங்காது என்றார். கூடம் போகும், மேலே என் அறையும் அதோடு போகும்.

பலப்படுத்தக் கூடாது என்பதுதான் நோட்டீஸ். அதைச் சட்டப்படி தாண்ட ஒரே வழி இருந்தது. பழைமையான கட்டடங்களை சர்க்கார் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது உண்டு. எடுத்துக்கொண்டால் அந்தக் கட்டடத்தைக் கோடும் தொடாது, வீட்டுக்காரர் பழுதும் பார்க்கலாம். பார்த்தே ஆக வேண்டும். அப்படி எடுத்துக்கொள்வதற்குப் பிரெஞ்சில் கிளாசே செய்வது என்று பெயர்.

மனுவை நான் எழுதினேன். என் வாதம் எளிமையானது. இங்கிலீஷ்காரர் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு திரும்ப எழுந்த முதல் வீடுகளில் இது ஒன்று என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். பழைய அஸ்திவாரத்தின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். தெருவை அதன்பிறகுதான் நேராக்கினார்கள். ஆகையால் வீடு கோட்டைத் தாண்டி வரவில்லை. வீடு நின்ற இடத்தில் நிற்கிறது, கோடு பின்னால் வந்தது. இந்த வீட்டைக் கிளாசே செய்யும்படி வேண்டுகிறோம். கையெழுத்து அக்காவுடையது.

அந்தச் சொல் அக்காவின் வாயில் ஒட்டிக்கொண்டது. மீன்காரியிடம்கூடச் சொன்னாள். பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையோடு நடந்து வரும் அந்த அம்மாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசலில் கூடையை இறக்கியதும், “கிளாசே வந்துச்சா மதாம்?” என்று கேட்பாள். அது ஏதோ சைகோனிலிருந்து வர வேண்டிய பார்சல் என்று நினைத்திருந்தாளோ என்னவோ.

மாதங்கள் போயின. பதில் இல்லை. வெயில் காலம் முடிந்து வானம் கறுக்கத் தொடங்கிய சமயம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாங்கள் எல்லோரும் மேசையில் இருந்தோம். காரைக்கால்காரர் நேரம் கழித்து வந்தார். கை கழுவி உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“அக்கா, கிளாசே ஆயிடுச்சிங்க.”

அக்கா கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு குழம்பிலிருந்து பெரிய வஞ்சிரத் துண்டாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொரு துண்டும் வந்து விழுந்தது.

“சாப்பிடுப்பா. நல்லா சாப்பிடு.”

“அப்ப நான் தெருவுலேர்ந்து வூட்டுக்குள்ள வந்துட்டேன்,” என்றார் அமீனா. “தங்கச்சி, எனக்கும் ஒரு துண்டு வை. நானும் ஒரு நல்ல சேதி கொண்டாந்தவன்தான், ஒரு காலத்துல.”

“நீ கொண்டாந்தது நோட்டீசு. ஒனக்கு வால்தான்.”

காரைக்கால்காரர் எல்லார் முகத்தையும் பார்த்தார். நாங்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்.

அன்று சாயங்காலமே கொத்தனாருக்கு ஆள் போயிற்று. நான் அக்காவிடம், உத்தரவு ஜுர்னாலில் வரட்டும், என் மேசைக்கு வராமல் எங்கே போகும், வந்த பிறகு தொடங்கலாம் என்றேன்.

“ஒங்க அச்சாபீசு எப்ப எதை நேரத்துக்கு அடிச்சுது? வெயில்ல வடாம் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டாக்கூட, மழை வந்தப்பறம்தான் அடிப்பீங்க. வானத்தைப் பாரு.”

வானத்தைப் பார்த்தேன். அதில் அவள் சொன்னது சரி.

திங்கட்கிழமை வேலை தொடங்கிவிட்டது. சவுக்கு மரங்களைக் கொண்டுவந்து மாடி உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். நோணாங்குப்பத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு மாட்டுவண்டியில் வந்தது. மேசையைத் தற்காலிகமாக முற்றத்துக்கு மாற்றினோம். அக்கா தெருக்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தாள், யாரும் எதுவும் சொல்லிவிடாமல் இருக்க. கொத்தனார் சுவரைப் பிரித்துக்கொண்டே போனார். கூடத்தில் நின்றால் தெருவும் எதிர்வீட்டு மாடியும் தெரிந்தன.

நான் அச்சகத்தில் ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். சந்தை வரி பற்றி ஓர் உத்தரவு வந்தது. அம்மை குத்துவது பற்றி ஒன்று, சாராயக் கடை நேரம் பற்றி ஒன்று. எங்கள் வீடு வரவில்லை. அடுத்த இதழுக்கான தாள்களும் வந்து போயின. அதிலும் வரவில்லை. மேலிடத்தில் கையெழுத்தான உத்தரவு இத்தனை தாமதமாக அச்சுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் காரைக்கால்காரரை மாடிக்கு அழைத்தேன். கவர்னர் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டேன்.

“எதுலங்க?”

“கிளாசே ஆகிவிட்டது என்றீரே, அந்த உத்தரவில்.”

“உத்தரவு எங்கங்க இருக்கு? நான் தோசியேவைல்ல சொன்னேன்.”

தோசியே என்றால் ஆபீஸ் கட்டு. ஒரு விஷயம் சம்பந்தமான காகிதங்கள் எல்லாம் சேர்ந்தது.

“தோசியே கிளாசே ஆயிடுச்சிங்க. கட்டி, மேல் தட்டுல போட்டாச்சி. இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க. போவட்டும், இத்தோட விட்டாங்களேன்னுதான் நீங்கள்லாம் சந்தோஷப்படுறீங்கன்னு நெனச்சேன். எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாத்தாங்க இருந்துச்சி.”

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டும் பொருள். ஒரு கட்டடத்தைக் கிளாசே செய்தால் அதைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு தோசியேவைக் கிளாசே செய்தால் அதை மூடிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் ஒருவன் இதில் ஏமாற மாட்டான். வீடு அவன் பாஷையில் பெண்பால், தோசியே ஆண்பால். எது கிளாசே ஆயிற்று என்று சொல்லாமல் அவனால் அந்த வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. நாம் பாண்டிச்சேரியில் அந்தச் சொல்லை வாங்கி, ‘ஆயிடுச்சி’ என்று ஒரு வாலை ஒட்டி, எழுவாயை விட்டுவிட்டுப் பேசுகிறோம். யாருக்கும் இதுவரை ஒரு குறையும் இருந்ததில்லை.

கீழே போய் அக்காவிடம் சொன்னேன். முற்றத்து மேசையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, கையிலிருந்த தட்டைத் துணியால் ஒருமுறை துடைத்தாள்.

“வேலையை நிறுத்தினா என்ன ஆவும்?”

“சுவர் பிரித்துக் கிடக்கிறது. முதல் மழைக்கே விழும்.”

“நிறுத்தாட்டி?”

“பார்த்தார்களானால் கட்டினதை இடிக்கச் சொல்வார்கள். அபராதமும் போடுவார்கள்.”

“நிறுத்தினா கண்டிப்பா விழும். நிறுத்தாட்டி, அவன் கண்ணுல பட்டாத்தான் விழும். இதுல யோசிக்க என்ன இருக்குது? நீ கொத்தனார்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. ஆளு பயந்துட்டா கை ஓடாது.”

காரைக்கால்காரர் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்டியிருந்தது. “என் பேரு மட்டும் வெளியில வரக் கூடாதுக்கா. ஆபீஸ் விஷயத்தை வெளிய சொன்னேன்னு தெரிஞ்சா என்னைக் காரைக்காலுக்கே அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டும், ஒங்கம்மா கையால சாப்பிடலாம்,” என்றார் அதற்குள் சாப்பிட வந்துவிட்ட அமீனா.

“எங்கம்மாவுக்குச் சமைக்கத் தெரியாதுங்க.”

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த தோசியேவில் எங்கள் மனு மட்டும் இருந்ததா?

“எல்லாமேதாங்க இருந்துச்சி. ஒங்க மனு, நம்ம நோட்டீசோட நகல், சுவர் படம். ஒரு வீடுன்னா ஒரே கட்டுதான்.”

மறுநாள் காலையில் வாய்க்கால் ஓரமாக அச்சகத்துக்கு நடந்து போகும்போது, இலாகாவிலிருந்து யாராவது வந்து கேட்டால் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒழுங்குபடுத்தினேன். இருபது வருஷத்துக்கும் மேலாக சர்க்கார் வாக்கியங்களைப் படித்திருக்கிறேன். அவை எங்கே நிற்கும், எங்கே ஆடும் என்று எனக்குத் தெரியும். அச்சகப் படி ஏறும்போது என் பதில் தயாராக இருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கவலை இல்லை.

கொத்தனார் நன்றாகவே வேலை செய்தார். சுவர் எழுந்தது. முட்டுகளை எடுத்தார்கள். அடியில் அஸ்திவாரத்தின் ஓரத்தை மட்டும் இன்னும் மூடவில்லை.

மராமத்து இலாகாவின் தலைவர், ஷெஃப் என்பார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். பூசை முடிந்து எல்லோரும் வந்திருந்தோம். அவர் உயரமான வெள்ளைக்காரர், பேச்சு குறைவு. சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு புதுச் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை. முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்த காரைக்கால்காரர் அவரைக் கண்டதும் மாமரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

அக்கா வாசலுக்குப் போனாள். சைகோனில் இருந்தவள், பிரெஞ்சு பேசுவாள்.

“கோட்டில் விழுந்த சுவர் இது. யார் கட்டச் சொன்னது, மதாம்?” என்றார் ஷெஃப்.

“கிளாசே, முசே,” என்றாள் அக்கா.

“எது?”

முதல் கேள்வியே அதுதான். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“தோசியே, முசே,” என்றேன் நான்.

அவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். நான் அவசரப்படாமல் சொன்னேன். எங்கள் மனுவுக்குப் பதில் வரவே இல்லை, ஆகையால் தோசியே மூடப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். சுவரைத் தொடக் கூடாது என்ற நோட்டீசும் அதே தோசியேவில்தான் இருக்கிறது. தோசியே மூடியிருக்கும்போது அதற்குள் இருக்கும் ஒரு காகிதம் மட்டும் திறந்திருக்க முடியாது. நோட்டீஸ் நடப்பில் இருக்கிறது என்றால் மனுவும் நடப்பில் இருக்கிறது, அதற்குப் பதில் வர வேண்டும். மனு முடிந்துவிட்டது என்றால் நோட்டீசும் முடிந்தது. இரண்டில் எது என்று முசே சொன்னால் அதன்படி நடக்கிறோம்.

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்கள் வக்கீலா?”

“அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்.”

“அப்படியா,” என்றார். “கமாவை எல்லாம் மாற்றுகிறவர் நீங்கள்தானா?”

“தப்பாக இருந்தால்தான், முசே.”

அவர் சுவருக்குப் பக்கத்தில் போனார். சாவியை எடுத்து அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு குனிந்து, மூடாமல் விட்டிருந்த அஸ்திவாரத்தைப் பார்த்தார். பார்த்ததும் கோட்டைக் கழற்றி சைக்கிள் மேல் போட்டுவிட்டு மண்டியிட்டார். சுவருக்கு அடியில் இருந்த செங்கல் மேலே உள்ளதைவிட மெல்லியது, வேறு நிறம். அது எங்கள் சுவரோடு சேர்ந்து கோணலாகப் போய், அடுத்த வீட்டின் நேரான சுவருக்கு அடியிலும் அதே கோணலில் நுழைந்தது. அடுத்த வீடு தன் பழைய அஸ்திவாரத்தை விட்டு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் வீடுதான் அந்தப் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே நிற்கிறது. மனுவில் நான் வாதமாக எழுதியது அங்கே செங்கல்லாகக் கிடந்தது.

ஷெஃப் உள்ளே வந்து கூடத்தையும் தூண்களையும் படிக்கட்டையும் பார்த்தார். சாப்பிட்டுப் போகச் சொன்னாள் அக்கா. வேண்டாம் என்றார், காப்பி மட்டும் வாங்கிக்கொண்டார். குடித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “மூடின தோசியேவைத் திறந்தால் நோட்டீசும் கூடவே எழுந்து வரும். அப்புறம் இந்தத் தெருவிலேயே உறுதியான சுவரை இடிக்கச் சொல்ல வேண்டியது நான்தான். அது தூங்கட்டும். நீங்கள் புதிதாக ஒரு மனு எழுதுங்கள். அஸ்திவாரத்தைப் படம் போட்டு வைக்க என் ஆள் ஒருவரை நாளைக்கு அனுப்புகிறேன். காரைக்கால்காரர், நன்றாகப் போடுவார். வீடு அவருக்குத் தெரியாது, நீங்கள் வழி சொல்லுங்கள்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் மாமரத்தின் பக்கம் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. பார்த்தார் என்று அமீனா சத்தியம் செய்வார்.

சைக்கிள் போனதும், “வெளிய வாய்யா, ஒன் ஷெஃப் போயிட்டாரு. நாளைக்கு நீ இந்த வூட்டைத் தேடிக் கண்டுபுடிக்கணுமாம்,” என்றார் அமீனா.

“கால்ல முழுக்க எறும்புங்க,” என்றார் காரைக்கால்காரர்.

புது மனு போயிற்று. படமும் போயிற்று. அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை புயல் அடித்தது. சுவர் அசையவில்லை. மேசையைத் திரும்பவும் முன்கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டோம். கிறிஸ்துமஸ் கழிந்து, தவசுகாலம் தொடங்கும் சமயம், ஒரு காலையில் என் மேசைக்கு வந்த கட்டின் நடுவில் எங்கள் தெருப் பெயரைப் பார்த்தேன். எல்லா உத்தரவையும் போல அதையும் மூன்று தடவை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அச்சாகும்வரை எந்த உத்தரவையும் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, ஆகையால் ஜுர்னால் வெளிவரும் நாள்வரை அக்காவிடம் சொல்லவில்லை. வெளிவந்த அன்று மத்தியானம் ஒரு பிரதியோடு போய், வீட்டை சர்க்கார் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது என்று முழு வாக்கியமாகச் சொன்னேன். அக்கா ஜுர்னாலை வாங்கி, மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் சாதம் போட்டாள். தவசுகாலம் என்பதால் விருந்து வைக்கவில்லை. அது முடிந்து பாஸ்குத் திருநாளுக்கு வைத்தாள்.

உத்தரவில் நிபந்தனைகளும் இருந்தன. தெருவைப் பார்த்த பக்கத்தில் கதவு, சன்னல், நிறம், விளிம்பு எதையும் அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. புதிதாக எதையும் பொருத்தவும் கூடாது. அதை அக்கா அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த ஐப்பசியில் சாரல் முன்கூடத்துச் சன்னல் வழியாக மேசைமேல் அடித்தது. சன்னலைச் சாத்தினால் உள்ளே இருட்டு, தெருவில் போகிறவர்களும் உள்ளே பார்க்க முடியாது. பெஞ்சியில் இருந்த அமீனா, தட்டில் குழம்பு கூடிக்கொண்டே போகிறது, விலையை ஏற்றிவிடாதே என்றார். அக்கா வெளியே போய் நனைந்துகொண்டே சன்னலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மேல ஒரு தகரம் அடிச்சா போதும். கொத்தனார் ஒரு நாள்ல அடிச்சிடுவாரு.”

“அடிக்க முடியாது, அக்கா. மனு போட வேண்டும்.”

“ஒரு தகரத்துக்கா?”

“ஒரு ஆணிக்குக்கூட.”

அவள் ஈரத் தலையைத் துணியால் துவட்டிக்கொண்டாள். பிறகு மேசையின் ஒரு மூலையிலிருந்த தட்டுகளை ஒதுக்கி எனக்கு இடம் செய்தாள்.

“எழுது. தகரம்னு எழுதாதே, அதுக்கு அவன் ஒத்துக்க மாட்டான். மழைத் தடுப்புன்னு எழுது.”

அப்படியே எழுதினேன்.